கீழ்வயலில் முளைத்த உமரி

போன வருஷம் பங்குனியில் எங்கள் கீழ்வயலின் தெற்கு வரப்போரம் ஒரு செடி தலைகாட்டியது. நுனி சிவப்பு, தொட்டால் தண்ணீர் கோத்த மாதிரி தளதளப்பு. களை என்று பிடுங்கப் போனேன். வேலைக்கு வந்திருந்த ஒரு அக்கா கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்கள். இளவயதில் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர்கள்.

"தம்பி, இது உமரில்லா! அளத்துக்கரையில கெடக்க வேண்டியது, வயலுக்குள்ள எப்பிடி வந்துச்சு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பழையகாயல் பக்கம் எங்கள் ஊர். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால். வாழையும் நெல்லும்தான் பிழைப்பு. உமரி முளைக்கிறது என்றால் மண்ணில் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் எந்த உமரி என்று தெரியாமல் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று தெரியாது. ஏனென்றால் நம்ம ஆட்கள் உமரி என்று சொல்வது ஒரு செடியை அல்ல, ஒரு கூட்டத்தையே.

தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்தேன். சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு வந்து, வரப்பிலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினார். "சிவப்பை நம்பாதீங்க. வெயில் ஏறினா உமரி எல்லாமே சிவக்கும். முதல்ல இலை இருக்கான்னு பாருங்க" என்றார்.

இலையே தெரியாமல், தண்டு முழுக்கக் கணுக்கணுவாக, பவளம் கோத்த மாதிரி இருந்தால் அது சாலிகார்னியா, அல்லது டெக்டிகார்னியா. முன்னது ஒரு வருஷத்துச் செடி, பச்சைத் தண்டு, நிமிர்ந்து நிற்கும். பின்னது பல வருஷம் வாழும். அடித்தண்டு கட்டையாகி, தரையோடு படர்ந்து கிடக்கும். குட்டிக்குட்டியாக, உருண்டு திரண்ட இலைகள் தனித்தனியாக இருந்தால் அது சுவேடா. அதன் விதையைக் கீறிப் பார்த்தால் உள்ளே கரு நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும்.

எங்கள் வயலில் வந்தது சுவேடா. இரண்டுமே உப்புச் செடிதான். ஆனால் கணுச்செடி பெரும்பாலும் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் நிற்கும். சுவேடா அதைவிடக் கொஞ்சம் மேட்டில், உவர்நிலத்திலும் வரும். அதாவது கடல் வாசலுக்கு வந்துவிட்டது, இன்னும் வீட்டுக்குள் நுழையவில்லை.

பட்டணத்து வாசகர்களுக்கு ஒரு உறவுமுறை சொல்கிறேன். நீங்கள் சந்தையில் வாங்கும் சக்கரவர்த்திக் கீரை, பாலக், பீட்ரூட் எல்லாம் உமரிக்குப் பங்காளிகள். வெள்ளைக்காரர்கள் இந்தக் குடும்பத்துக்கு 'வாத்துக்கால்' என்று பேர் வைத்தார்கள், சக்கரவர்த்திக் கீரையின் இலை வாத்தின் பாதம் மாதிரி இருக்கிறது என்பதால். இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் மொத்தக் குடும்பத்தையும் தண்டுக்கீரைக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஆச்சி இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே கீரை என்றுதான் சொல்வாள். பஞ்சகாலத்தில் இலை உமரியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் போட்டுக் கடைந்திருக்கிறாள். உப்பு மட்டும் போடவே மாட்டாளாம்.

சரி, கடல் ஏன் எங்கள் வாசலுக்கு வருகிறது? திருப்பிக் கேட்க வேண்டும்: நாங்கள் எப்போது கடல் வாசலுக்கு வந்தோம்?

எங்களுக்கு மேற்கே கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், 'கொல்கோய்' என்று அதன் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே தோண்டியபோது மண்ணுக்கடியில் சங்கும் சிப்பியும் கிடைத்தன. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ள, கொற்கையின் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது என்று 1881இல் வந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் அவர் எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொல்லும் 'காயில்' அந்தக் காயல்தான். பிறகு அதுவும் நிலத்துக்குள் போய், துறைமுகம் என்ற பேச்சு தூத்துக்குடிக்குப் போனது.

ஒவ்வொரு தடவை கடல் விலகும்போதும் அது விட்டுப்போன உவர்ச்சேற்றில் முதலில் குடியேறியது உமரியாகத்தான் இருக்கும். ஏரல் பக்கம் உமரிக்காடு என்றே ஓர் ஊர் இருக்கிறது. இன்று ஆற்றுப்பாசனத்தில் பச்சைப்பசேல் என்று கிடக்கும் ஊர். அந்தப் பேர் எப்படி வந்தது என்று கல்வெட்டெல்லாம் என்னிடம் இல்லை. ஆனால் வாழைக்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்று பேரே சொல்கிறதே என்பது என் ஊகம். உமரி நின்ற மண்ணை ஆற்றுத் தண்ணீர் கழுவிக் கழுவித்தான் வயலாக்கியிருக்கிறது.

கும்பினிக்காரர்கள் இதே செடியைப் பார்த்தபோது அவர்களுக்குத் தெரிந்தது வேறு. சோழமண்டலக் கரையில் செடிகளை ஆராய்ந்த ராக்ஸ்பர்க், உமரிச் சாம்பலில் சோடா இருப்பதைக் கவனித்தார். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அப்போது ஐரோப்பா ஸ்பெயினின் செடிச் சாம்பலை நம்பியிருந்தது. இந்தக் கரையில் கிடக்கும் உமரியே அதற்குத் தாராளமாகப் போதும் என்பது அவர் கணக்கு. அவர் இறந்தபின் 1820இல் வந்த 'ஃப்ளோரா இண்டிகா'வில் அது இருக்கிறது. ஆனால் 1791லேயே பிரான்சில் லெப்ளாங்க் சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் வழிக்கு உரிமை வாங்கிவிட்டார். உமரி தப்பித்தது. இன்று தூத்துக்குடியிலேயே உப்பிலிருந்து சோடா சாம்பல் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது.

சோடாவிலிருந்து தப்பித்த உமரி உப்பிலிருந்து தப்பவில்லை. அது நின்ற கரைகள் உப்பளமாயின. மிச்சத்தைச் சீமைக்கருவேலம் பிடித்தது. அக்காவுக்குத் தெரிந்த உமரித் தரையில் பாதிகூட இன்று இல்லை என்கிறார்கள். முத்துக்கும் இதே கதிதான். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பார்கள் கடலுக்கடியில் அப்படியே கிடக்கின்றன, சிப்பிதான் இல்லை.

எங்கள் வயலுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் வாழை மொத்தமும் போனது. ஆனால் அடுத்த கோடையில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கும்படி இருந்தது. அதற்கப்புறம் ஆற்றில் வரத்து குறையக் குறைய, மோட்டார் ஓட ஓட, பழையபடி கரித்தது. பின்னாலேயே உமரி வந்தது. இந்த நிலத்தைக் கடலிடமிருந்து வாங்கிக்கொடுத்தது ஆற்றுத் தண்ணீர். தவணை கட்டாவிட்டால் கடல் திருப்பி எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உப்பு ஏறியிருக்கிறது, கைமீறவில்லை. இந்த வருஷம் கீழ்வயலில் வாழை வைக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கட்டி நிறுத்தி வடியவிட்டேன், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். கிணற்று மோட்டாரைப் பாதி நேரமாகக் குறைத்தாயிற்று. அப்பாவுக்கு இதில் கோபம். "களைக்குப் பயந்து வாழையை விட்டவன் நீ ஒருத்தன்தாம்ல" என்கிறார்.

வரப்போரத்து உமரியை நான் பிடுங்கவில்லை. ஒரு செண்ட் அளவுக்கு அப்படியே விட்டிருக்கிறேன். அது வயலுக்குள் நகர்ந்தால் உப்பு ஜெயிக்கிறது, கரைக்குப் பின்வாங்கினால் ஆறு ஜெயிக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். அதே இடத்தில்தான் நிற்கிறது. இலை இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.