கடை வேறாயினும் களம் ஒன்று

வணிகர் பலர் போட்டியிட்டால் வாங்குவோர்க்கு நன்மை உண்டாகும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஆயின், போட்டி மட்டும் போதுமா என்னும் வினாவிற்கு விடை காண விழைவோர், கணினி விளையாட்டுக்களை இணையவழி விற்கும் கடைகளின் வரலாற்றை நோக்குதல் நன்று. எம் இளைஞர் பலர் நாள்தோறும் ஆடும் விளையாட்டுக்களே இவை. பெரியோர்க்கு இப்பெயர்கள் புதியனவாயினும், இவற்றிலடங்கிய வழக்குப் புதியதன்று.

முன்னாளில் விளையாட்டு என்பது பெட்டியிலிட்ட இறுவட்டாகவே பெரும்பாலும் கடைகளிற் கிடைத்தது. வாங்கியவன் அதனை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம். வேண்டாவிடின் விற்றும் விடலாம். 2003 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் இணையக் கடையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவெம்பரில் அந்நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்தபோது, அதனைப் பெட்டியில் வாங்கியோரும் ஸ்டீமிற் கணக்குத் திறந்தாலன்றி ஆட முடியவில்லை. முணுமுணுத்தோர் பலர். எனினும், வாங்கியவை யாவும் ஒரே கணக்கிற் சேர்ந்திருக்கும் வசதியும், நண்பரைத் தேடிச் சேர்ந்து ஆடும் வசதியும் மக்களை ஈர்த்தன. 2005 முதல் பிறர் ஆக்கிய விளையாட்டுக்களும் அங்கே விற்கப்பட்டன. நூறு ரூபாவுக்கு விற்றால் முப்பது ரூபா கடைக்கு என்பதே வழக்கமாயிற்று.

வசதியே வேலியாகவும் மாறியது. ஒரு கடையில் வாங்கிய விளையாட்டை மற்றொரு கடைக்குக் கொண்டு செல்ல வழியில்லை. 2011 இல் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஒரிஜின் என்ற தன் சொந்தக் கடையைத் திறந்து, தன் புதிய விளையாட்டுக்களை அங்கே வைத்துக்கொண்டது. 2016 நவெம்பரில் வெளிவந்த கோல் ஒவ் டியூட்டி வரிசையின் இன்ஃபினிட் வார்ஃபெயார் இதற்குத் தக்க சான்று. மைக்ரோசொப்ட் கடையில் அதனை வாங்கியோர், ஸ்டீமில் வாங்கியோருடன் சேர்ந்து ஆட முடியாதிருந்தது. ஆட்டமோ ஒன்று, கொடுத்த பணத்திலும் குறைவில்லை. கடை வேறு என்ற ஒரே காரணத்தால் நண்பர் பிரிந்து நின்றனர்.

2018 டிசெம்பரில் எப்பிக் நிறுவனம் தன் கடையைத் திறந்து, நூற்றுக்குப் பன்னிரண்டே போதும் என்றது. அதற்குச் சில நாட்களின் முன்னரே, ஒரு விளையாட்டின் வருவாய் ஒரு கோடி டொலரைக் கடந்தால் 25 வீதமும், ஐந்து கோடியைக் கடந்தால் 20 வீதமுமே எடுப்போம் என வால்வ் அறிவித்திருந்தது. போட்டியின் பயன் இதுவன்றோ! ஆனால் அப்பயன் பெரிதும் ஆக்கியோரையே சேர்ந்தது. வாங்குவோர் கண்டதோ புதிய மதில். மெட்ரோ எக்ஸோடஸ் என்னும் விளையாட்டு, 2019 பெப்ரவரியில் வெளிவருவதற்குச் சில வாரங்களே இருந்த வேளையில், ஸ்டீமின் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டு எப்பிக்கிடம் சென்றது. ஓராண்டின் பின்னரே மீண்டது.

எனினும், மதில்கள் எழுந்த அக்காலத்திலேயே பாலங்களும் எழுந்தன. தனி விளையாட்டுப் பொறிகளை விற்கும் சொனி நிறுவனம், நெடுநாள் மறுத்திருந்தும், 2018 செப்டெம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டிற் போட்டி நிறுவனங்களின் பொறிகளோடு சேர்ந்து ஆட இடங்கொடுத்தது. 2019 இல் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் ஸ்டீமுக்கு மீண்டது. 2020 இல் ரொக்கெட் லீக்கைப் புதியோர்க்கு ஸ்டீமில் வழங்குவதை எப்பிக் நிறுத்தியபோதும், முன்பு அங்கே வாங்கியோர் தொடர்ந்து எல்லோருடனும் ஆடினர். 2022 இல், ஸ்டீமில் உள்ளோரையும் தன் கடையில் உள்ளோரையும் ஒரே ஆட்டத்தில் இணைக்கும் கருவிகளை எப்பிக் ஆக்குவோர்க்கு இலவசமாகவே அளித்தது.

இது வெறும் தயாள குணத்தால் வந்ததன்று. பலர் கூடி ஆடும் ஆட்டம், ஆளின்றேல் அழியும். களம் நிறைந்தாற் கடைக்கும் ஆதாயம் என்பதை வணிகர் உணர்ந்தனர். சந்தையிற் கடைகள் பலவாக இருக்கலாம். சந்தைக்குச் செல்லும் வீதி பொதுவாக இருத்தல் வேண்டும். வீதியையே கூறுபோட்டால் போட்டி என்பது பல சிறைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையாகச் சுருங்கிவிடும்.

உடைமை பற்றிய வழக்கோ இன்னும் தீர்ந்தபாடில்லை. போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் 2008 இல் திறந்த ஜீ.ஓ.ஜீ. கடை, பூட்டில்லாத கோப்புக்களையே விற்றது. அவற்றை வாங்கியவன் தன்னிடமே சேமித்து, கடையின் அனுமதியின்றி ஆடலாம். மறுபுறம், மைக்ரோசொப்ட் தன் பழைய விண்டோஸ் விளையாட்டுச் சந்தையை 2013 ஒகஸ்டில் மூடியே விட்டது. பெருநிறுவனத்தின் கடையும் நிலையானதன்று.

ஆகவே இளைஞர்காள், பணம் கொடுக்குமுன் இரு கேள்விகளைக் கேளுங்கள். வேறு கடையில் வாங்கிய என் நண்பனோடு இதனை ஆடலாமா? கடை மூடினாலும் இப்பொருள் என்னிடம் இருக்குமா? விலையை மட்டும் பார்ப்பவனுக்குப் போட்டி மலிவைத் தரும்; இவ்விரண்டையும் கேட்பவர் பெருகினால், அதே போட்டி உரிமையையும் தரும் என்பது எமது துணிபு.