வேப்பங்குச்சிக்குப் போகாத கறை

போன வாரம் தங்கச்சி பையன் பெங்களூர்ல இருந்து வந்திருந்தான். ஜிம்முக்குப் போறவன். தினமும் 4 லிட்டர் தண்ணி குடிக்கணும்னு அங்க சொல்லியிருக்காங்களாம். வந்ததும் வராததுமா மோட்டார் குழாய்ல பாட்டிலைப் பிடிச்சான். "அது வேணாம்டா, உள்ள குடத்துல ஒகேனக்கல் தண்ணி இருக்கு"ன்னேன். "போர் தண்ணி தானே மாமா, நல்லதுதானே"ங்கறான். அவங்கம்மா பல்லைப் பார்த்தே வளர்ந்தவன்!

எங்க ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். எங்க ஆளுங்க பல்லுல இருக்கற பழுப்புப் பட்டையைப் பார்த்தா, புகையிலை போடுவாங்க, பல்லே விளக்க மாட்டாங்கன்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. நானும் தங்கச்சியும் ஒரே வேப்பங்குச்சியை ஒடிச்சு ஆளுக்குப் பாதியா வச்சுத் தேய்ச்சவங்க. தின்னதும் ஒரே களிதான். என் பல் வெள்ளை. அவளுக்குப் பட்டை பட்டையா காவி.

வித்தியாசம் தண்ணியில இருந்துச்சு. நான் பொறந்தது 1969. அப்போ எங்க கிணறு 40 அடி. மழைத்தண்ணி இறங்கி நிக்கும். கவலை ஓட்டித்தான் இறைப்போம். 1982ல மழை பொய்ச்சு கிணறு வத்திப்போச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ராத்திரி பூரா பாறையைக் குடைஞ்சது. தண்ணி பீச்சி அடிச்சப்போ அப்பா கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாரு. தங்கச்சிக்கு அப்போ 2 வயசு.

பாறைக்குள்ள ரொம்ப காலம் தங்கின தண்ணியில ஃபுளோரைடு கரைஞ்சிருக்கும். பேஸ்ட்ல போடுற அதே சமாச்சாரம்தான். கொஞ்சமா இருந்தா சொத்தையைத் தடுக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஈறுக்குள்ள பல் உருவாகிற வயசுல, அதாவது சுமாரா 8 வயசுக்குள்ள, இது அதிகமா உள்ள போனா எனாமலே கெட்டுத்தான் வெளிய வரும். எனக்கு அப்போ 13 வயசு. தப்பிச்சேன்.

அவளுக்கு இது யார் சொன்னா? செங்கல் பொடி வச்சுத் தேய்ப்பா, ஈறுல ரத்தம் வரும். பொண்ணு பார்க்க வந்தவங்க மூணு தடவை திரும்பிப் போனாங்க. "காபி குடுக்கும்போது வாயைத் திறக்காத"ன்னு அம்மா சொல்லி அனுப்புவாங்க. இன்னைக்கும் அவ சிரிச்சா கை தானா வாய்க்குப் போயிடும்.

இத்தனைக்கும் இது தெரியாத நோய் இல்ல. 1930கள்ல, அப்போ மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர் பக்கம், உழவு மாடுங்க கால் இறுகி நடக்க முடியாம படுத்துச்சு. குடியானவங்கதான் முதல்ல கவனிச்சாங்க. வேற ஜோடி வாங்கிப் பூட்டினா அதுவும் படுத்துச்சு. 1937ல ஷார்ட்டுன்னு ஒரு டாக்டரும் அவர்கூட இருந்தவங்களும், மனுஷங்களுக்கும் இதே கேடு இருக்குன்னு எழுதினாங்க. (மலேரியா கிருமி ஈரல்ல ஒளியறதை 1948ல கண்டுபிடிச்சதுல இவரும் ஒருத்தர்.) அதுக்கு 45 வருஷம் கழிச்சு நாங்க கற்பூரம் காட்டி போர் தண்ணி குடிச்சிருக்கோம்.

வெயில்ல உழைக்கிறவன்தான் அதிகமா குடிப்பான். ஏசியில இருக்கறவன் குடிக்கறதைப் போல ரெண்டு மூணு பங்கு. வளர்ந்தவங்களுக்குப் பல் மாறாது, எலும்புல சேரும். நாள் பூரா களை எடுத்தவங்க சுரைக்குடுக்கை நிறைய குடிச்சாங்க, இடுப்பு வலின்னு உட்கார்ந்தாங்க. காய்ச்சிக் குடிச்சாலும் பிரயோஜனமில்ல. தண்ணி சுண்டும், ஃபுளோரைடு அப்படியே நிக்கும். கட்டன் டீயிலயும் கொஞ்சம் இருக்கு.

ஜப்பான் கடன்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல அடிக்கல் போட்டாங்க, 2013ல தண்ணி விட்டாங்க. காவிரித் தண்ணி. அதுக்கப்புறம் பொறந்த என் பேத்திக்குப் பல் மல்லிமொட்டு மாதிரி முளைச்சிருக்கு.

ஆனா குழாய் ஊருக்குள்ளதான். காட்டுல நாத்து நடுறவங்க இன்னமும் மோட்டார் குழாய்லதான் வாயை வைக்கிறாங்க. அதனால வண்டியில ரெண்டு கேன் கட்டிக்கிட்டுத்தான் நான் காட்டுக்குப் போறது. தங்கச்சி பையன் மறுநாள் ஒரு கேனைத் தூக்கிக்கிட்டு வந்தான். ஜிம் உடம்பு, வரப்புல ரெண்டு தடவை வழுக்கினான்.