ஒரு பந்தின் ஆயுள்

பத்திரிகையாளனாக வன்னிக்குச் சென்று வந்த காலத்தில் போரைப் பற்றியே எழுதினேன். பந்தைப் பற்றி எழுத இடம் கிடைக்கவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

வன்னியில் ரெனிஸ் திடலைக் காண்பது அரிது. ஆயினும் ரெனிஸ் பந்தை அறியாத சிறுவன் இல்லை. மென்பந்துத் துடுப்பாட்டத்துக்கு அதுவே பந்து. கடினப்பந்துக்குக் காற்காப்பும் கையுறையும் சீரான ஆடுகளமும் வேண்டும். இதற்கு ஒரு மட்டையும் அறுவடை முடிந்த வயலும் போதும்.

1870களில் இங்கிலாந்தில் புற்றரை ரெனிஸ் பரவியபோதுதான் றப்பர் பந்துக்குக் கம்பளித்துணி போர்த்தும் வழக்கம் வந்தது. அதே பத்தாண்டில், 1876இல், கியூ பூங்காவிலிருந்து வந்த றப்பர் நாற்றுகள் நமது தீவின் ஹெனரத்கொடையில் வேரூன்றின. றப்பர் விளையும் நாட்டிலேயே ஒரு றப்பர் பந்து அரும்பொருளாகும் காலமும் பின்னர் வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், வன்னிக்கு எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றரி ஆகியவை செல்வதைப் பொருளாதாரத் தடை மறித்தது. மண்ணெண்ணெய்க்கே அலைந்த வீட்டில் பந்துக்கு யார் பணம் தருவார்? ஆகவே பந்தைத் தெரிவதில் சிறுவர்கள் தேர்ந்த வணிகர்களாயினர்.

அவர்களது அறிவு சர்வதேச விதிக்கு முரணானதன்று. விதிப்படி 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்து 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழவேண்டும். எடை 56 முதல் 59.4 கிராம். அதாவது விழுந்த உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே எழும் பந்தே நல்ல பந்து. சிறுவர்கள் கடை வாசலிலேயே இதைப் போட்டுப் பார்த்தார்கள்.

அழுத்தக் காற்று அடைத்த பந்து முதல் நாட்களில் துள்ளும். ஆனால் றப்பரூடாகக் காற்று மெல்லக் கசிவதால், ஆடாமல் வைத்தாலும் சோர்ந்துவிடும். அழுத்தமற்ற பந்து தடித்த றப்பரின் வலுவில் எழுவது. கைக்குச் சற்றுக் கடினம், ஆயுள் நீளம். கிறவல் தரையில் இரண்டுக்குமே மயிர் உதிரும். உதிர்ந்த பந்து வழுக்கி விரையும். விலையை ஆடிய நாட்களால் வகுத்துப் பார்த்தால் இரண்டாவதே மலிவு.

ஆனால் வன்னியில் பந்தின் ஆயுளை றப்பர் மட்டும் தீர்மானிக்கவில்லை. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபின் கிளிநொச்சியை அண்டி ஓர் ஆட்டம் பார்த்தேன். ஓங்கி அடித்த பந்து, மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி விழுந்தது. ஒருவரும் ஓடவில்லை. பந்து கண்ணெதிரே, புத்தம் புதிதாகக் கிடந்தது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோரும் வீடு திரும்பினர்.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. கண்ணிவெடி அகற்றுவோர் அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் அந்நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினர்.

பந்தின் தரத்தை எவரும் அளந்து சொல்லலாம். அது விழுந்த இடத்துக்கு ஒரு சிறுவன் அஞ்சாமல் ஓடிச்சென்று எடுத்துவர முடியுமா என்பதையே நான் முதலில் கேட்பேன்.