ஒரு பைசாவில் பிறந்த இலவச மின்சாரம்

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையடிவாரத்துக் கோவைப் பகுதிக்கு அந்தக் கரண்ட் வந்ததும் மில்கள் பெருகின. பிறகு தோட்டங்களுக்கும் கம்பி போனது. மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்கள் மோட்டாருக்கு மாறினார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மோட்டார் செய்துகாட்டிய ஊர் கோவை.

மாடுகள் இறைத்த வரை கிணறு தாங்கியது. மோட்டார் வந்தபின் தண்ணீர் இறங்கியது, கிணற்றை ஆழப்படுத்தினார்கள், இன்னும் பெரிய மோட்டார் வைத்தார்கள். கரண்ட் பில்லும் கூடவே ஏறியது. ஆற்றுப் பாசனத்துக்கு அணையும் வாய்க்காலும் அரசு கட்டித் தருகிறது. நாங்கள் கடன் வாங்கிக் கிணறு வெட்டி, இறைக்கவும் காசு கட்டுகிறோமே என்பது கொங்கு விவசாயிகளின் நியாயம்.

1970-இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவானது. கோவை வையம்பாளையத்து விவசாயி நாராயணசாமி நாயுடு முன்னின்று நடத்திய போராட்டம் வெடித்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அதன்பின் கட்டணம் ஒரே ஒரு பைசா குறைந்தது. 1972-இல் கட்டணம் மறுபடி ஏறியபோது கோவை வீதிகளை மாட்டு வண்டிகள் அடைத்தன. அந்த ஆண்டும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

விலையைக் குறைக்கக் கேட்டவர்களுக்கு விலையே இல்லாமல் கொடுக்கும் யோசனை தேர்தல் அரசியலில் உருவானது. நாராயணசாமி நாயுடு தலைமையிலான விவசாயிகள் சங்கம் மாநிலம் முழுக்க வளர்ந்து வாக்குகளைத் திருப்பும் அளவுக்கு வந்திருந்தது. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நாராயணசாமி நாயுடு காலமானார். 1990-இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் அதை விரிவுபடுத்தியது. 2003-இல் ஜெயலலிதா அரசு நிறுத்திப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் தோற்ற சில நாட்களில் திரும்பக் கொடுத்தது. அதற்குப் பின் எந்த அரசும் அதில் கைவைக்கவில்லை.

விவசாயி கட்டாத பில்லை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, சலுகை தர விரும்பும் மாநில அரசே அதற்கான தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது. அந்தத் தொகையைக் கணக்கிடுவதில்தான் சிக்கல். பெரும்பாலான பம்புசெட்டுகளில் மீட்டர் கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்தே மானியம் மதிப்பிடப்படுகிறது. எத்தனை யூனிட் ஓடியது, எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது உத்தேசக் கணக்குதான். மீட்டர் மாட்ட வந்தாலோ, அடுத்து பில் வரும் என்று விவசாயி நினைக்கிறார். 1970-ஐ நேரில் கண்டவர்களின் பிள்ளைகளிடம் அந்தச் சந்தேகத்தைத் தப்பென்று சொல்ல முடியாது.

ஆனால் இலவசக் கரண்டால் கிணற்றில் ஊற்றெடுக்காது. எழுபதுகளில் பில்லை ஏற்றிய அதே காரணம், தண்ணீர் கீழே போவது, இன்று ஆழ்குழாய்க் கிணறு போடும் கடனாக வந்து நிற்கிறது. அந்தக் கடனை விவசாயிதான் கட்டுகிறார்.