வண்ண ஒளிக்குத் திரி வைத்த வரலாறு

விழா மேடைகளில் லேசர் கதிர்கள் இசைக்கு ஏற்ப நிறம் மாறி ஆடுவதை நம் பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். நிறம் எப்படி மாறுகிறது என்று அவர்கள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்த வரலாற்றோடு பினாங்குக்கும் ஓர் உறவு உண்டு.

1960இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1973இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் வானாய்வகத்தில் ‘லேசேரியம்’ என்னும் ஒளிக்காட்சி தொடங்கியது. கிரிப்டான் வாயுக் குழாயிலிருந்து வந்த ஒரே கதிரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பிரித்து ஆடவிட்டார்கள்.

வாயுக் குழாய்க்குப் பதிலாகச் சிறு சில்லே ஒளி தரும் வழியும் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. 1962இல் நிக் ஹொலோனியாக் சிவப்பு ஒளி தரும் டயோடைச் செய்திருந்தார். பத்தாண்டுகளில் அந்தத் தொழில் பினாங்குக்கு வந்தது. 1969இல் ஜார்ஜ் டவுன் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற நிலையை இழந்து, வேலையின்மை வாட்டிய காலம் அது. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றுள் லிட்ரோனிக்ஸ் ஒளி டயோடுகளைச் செய்தது; பின்னாளில் அது சீமென்ஸ், ஓஸ்ராம் எனப் பெயர் மாறியது. இத்தகைய ஆலைகளில் பெண்கள் நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தார்கள். தோட்டத்துப் பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். 1985இல் பாலம் திறக்கும்வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போக ஃபெர்ரிதான் வழி.

லேசர் டயோடும் இதே இனம்தான். ஜப்பானில் ஷூஜி நாகமுரா 1993இல் ஒளிமிக்க நீல டயோடையும், 1996இல் நீலஊதா லேசர் டயோடையும் காட்டினார். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கின.

மூன்றையும் வெறுமனே ஏற்றி அணைத்தால் ஏழு நிறங்களே கிடைக்கும். நம் லயத்து வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கை நினைத்துப் பாருங்கள். திரியைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குவோம் அல்லவா? அதைத்தான் அனலாக் மின்சுற்று செய்கிறது. பூஜ்யம் முதல் 5 வோல்ட் வரை ஏறி இறங்கும் சைகையை, அதற்கு ஏற்ற மின்னோட்டமாக மாற்றுகிறது. சிவப்பு முழுதாகவும் பச்சை குறைவாகவும் எரிந்தால் செம்மஞ்சள் பிறக்கும்.

இதில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மின்னோட்டம் இருந்தால் லேசர் பிறக்காது. மேல் எல்லையைக் கடந்தால் டயோடு நொடியில் கருகிவிடும். ஆகவே சைகை வந்ததும் ஒளி பிறக்கும்படி, மின்சுற்று கீழ் எல்லையை ஒட்டியே மின்னோட்டத்தை நிறுத்தி வைக்கும். மேல் எல்லையைத் தாண்ட விடாது.

கம்பியை இணைத்த கைகளுக்குக் கூலி கிடைத்தது. அக்கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடவேண்டும் என்று கணக்கிட்டவர்களோ வேறு. இன்று பாயான் லெப்பாஸில் சில்லுகளை வடிவமைக்கும் பொறியாளர்களும் பணிபுரிகிறார்கள். நம் வீட்டுப் பெண் கணக்கும் மின்னியலும் படிக்க விரும்பினால், தடுக்காமல் படிக்க வைப்போம். விளக்குத் திரியைத் தூண்டிய வீட்டுக்கு இந்தக் கணக்கு எட்டாததன்று.