பல் வைத்த பெல்ட்

கால்மிதி தையல் மிஷினில் இரண்டு வேலை நடக்கிறது. கீழே இருக்கும் பெரிய சக்கரத்திலிருந்து மேலே கைச்சக்கரத்துக்குத் தோல் பெல்ட் ஓடுகிறது. அது சற்று வழுக்கினாலும் தையல்காரர் கவலைப்பட மாட்டார். தொய்ந்துபோனால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி கம்பியை மாட்டிக்கொள்வார். மிஷினுக்குள்ளே ஊசியும் பாபின் கொக்கியும் சந்திக்கிற சமாச்சாரம் வேறு. அங்கே கொஞ்சம் முன்பின் ஆனாலும் தையல் விழாது.

டைமிங் பெல்ட் பிறந்தது இந்த இரண்டாவது வேலைக்காகத்தான். 1940களில் அமெரிக்காவின் கில்மர் கம்பெனியில் இருந்த ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியாளர், சிங்கர் தையல் மிஷினில் ஊசியையும் பாபினையும் இணைப்பதற்காக ரப்பர் பட்டையில் பல் வைத்தார்.

தாடிக்கொம்பில் என் தம்பி மகன் வீட்டுக் கொட்டகையில் சிறிய மில்லிங் மிஷின் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறான். "பெரியப்பா, மோட்டாரிலிருந்து ஸ்பிண்டிலுக்கு டைமிங் பெல்ட் போட்டுறலாமா?" என்று கேட்டான். அதனால்தான் இந்தப் பழங்கதை.

நம் வயதுக்காரர்கள் பழைய ரைஸ் மில்லைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இன்ஜின், நீளமான ஷாப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பட்டை பெல்ட். பட்டறைகளிலும் அப்படித்தான். லேத்தில் உளி சிக்கிக்கொண்டால் பெல்ட் வழுக்கும், இல்லையென்றால் கழன்று விழும். கியர் பல் தப்பிக்கும். மிஷினைத்தான் காப்பாற்றியது, ஆளை அல்ல. வேட்டி நுனியும் தோள் துண்டும் அதில் சிக்கிய கதைகளை எல்லா ஊரிலும் சொல்வார்கள்.

1932இல் பைகாரா மின்சாரம் வந்தது. 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்தார்கள். நாளடைவில் மிஷினுக்கு ஒரு மோட்டார் என்றாகி, நீள ஷாப்ட் போய்விட்டது. இடத்தைப் பிடித்துக்கொண்டது வி-பெல்ட். 1917இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் கொண்டுவந்த அந்தப் பெல்ட்டை, பிற்பாடு நம் பக்கத்து மதுரையிலேயே ஃபென்னர் கம்பெனி செய்தது. இதுவும் பாரம் மீறினால் வழுக்கும், கருகிய வாசனையில் முன்கூட்டியே தெரிவிக்கும்.

டைமிங் பெல்ட் 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் காரில் ஏறியது. நம் ஊருக்கு மாருதி 800 மூலம் வந்தது. காரில் அதன் வேலை வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது. வண்டியை இழுக்கும் பாரம் அதன் தலையில் இல்லை.

மில்லிங் மிஷினில் கட்டர் தொடர்ந்து வெட்டாது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக இரும்பை மோதும். வைஸில் பிடிப்பு தளர்ந்து துண்டு புரண்டால், வழுக்காத பெல்ட் மோட்டாரின் முழு வேகத்தையும் கட்டர் மீது கொட்டும். கட்டர் உடைந்து தெறிக்கும், அல்லது பெல்ட்டின் பல் சிதையும். கொட்டகையில் தனியாக நின்று வேலை செய்பவன் அவன். கம்ப்யூட்டர் வைத்து, ஸ்பிண்டில் சுற்றுக்கு ஏற்ப மரை போடுகிற மிஷின் என்றால் நானே டைமிங் பெல்ட் என்பேன். இவனுடையது கையால் சுற்றுகிற மிஷின்.

ஆகவே ஸ்பிண்டிலுக்கு வி-பெல்ட்டும் ஸ்டெப் புல்லியும் என்று சொன்னேன். 1440 சுற்று மோட்டாரைப் பாதியாகக் குறைத்தால் 720. 12 மில்லிமீட்டர் ஹைஸ்பீட் கட்டர் வைத்து மைல்டு ஸ்டீல் வெட்ட அது சரியான வேகம். மேஜையை நகர்த்தும் திருகுக்குப் பிற்காலத்தில் மோட்டார் வைத்தால், அங்கே டைமிங் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும். அது ஊசி-பாபின் வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்.எல். வகைப் பெல்ட்டின் பல் இடைவெளி 5.08 மில்லிமீட்டர், 5எம் வகைக்கு 5 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். 20 பல்லுக்குள் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும், பல்லின் வடிவமும் வேறு. திண்டுக்கல்லுக்கு வாங்கப் போகும்போது புல்லியையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.