பட்டியலில் ஒரு பெயர்

ஊருக்குப் புறப்படும் நாளில் நம்மவர் முதலில் தேடியது எதை? புதுதில்லி நிலையத்தில் ஜி.டி. விரைவு வண்டியின் பெட்டிகளில் முன்பெல்லாம் முன்பதிவுப் பட்டியலை ஒட்டி வைப்பர். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வரி வரியாக விரலோட்டித் தம் பெயரைக் கண்ட பின்னரே குடும்பத் தலைவர் நிம்மதியாக மூச்சு விடுவார். பதிவேடுகளோடும் கோப்புகளோடும் வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தராகிய நாம் பட்டியலின் ஆற்றலை நன்கறிவோம். ஆயினும் பகை நாடுகள் தம்முள் போர்க்கைதிகளைப் பரிமாறிக்கொண்ட வரலாற்றைப் படிக்கும்போதுதான் அவ்வாற்றல் எத்துணைப் பெரிது என்பது விளங்குகிறது.

சிறை மீட்டல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. சோழன் செங்கணானிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையை விடுவிக்கவே பொய்கையார் களவழி நாற்பதைப் பாடினார் என்பது மரபு. மன்னன் சிறைப்பட்டபோது பாடுதற்குப் புலவர் இருந்தார். அவனோடு அதே களத்தில் பிடிபட்ட காலாட்படை வீரர்களின் பெயர்களோ நமக்குக் கிட்டவில்லை. எளிய வீரனின் பெயரையும் எழுதிவைத்தல் வேண்டும் என்பதை உலகம் சட்டமாக ஏற்றது மிகப் பிற்காலத்திலேயாகும்.

1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை அத்தகைய சட்டம். பிடிபட்ட வீரன் தன் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகிய நான்கை மட்டும் கூறினால் போதும். அதற்கு மேல் கூறுமாறு அவனை வற்புறுத்துதல் ஆகாது. பிடித்த நாடு தகவல் அலுவலகம் ஒன்றை அமைத்து, அவன் தன் கையில் இருக்கிறான் என்பதை எதிர்நாட்டுக்குத் தெரிவித்தல் வேண்டும். அவன் தன் வீட்டுக்கும் ஓர் அட்டை எழுதலாம். போர் ஓய்ந்தபின் தாமதமின்றி அவனை விடுவித்தல் வேண்டும் என்கிறது 118-ஆம் பிரிவு. ஆனால் சட்டம் சொன்னவாறே அரசுகள் நடந்துகொள்கின்றனவா? நம் நாட்டின் அண்மை வரலாறே இதற்கு விடை பகரும்.

1971 டிசம்பர் 16 அன்று டாக்கா நகரின் ரம்னா மைதானத்தில் பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் நியாசி, நம் லெப்டினன்ட் ஜெனரல் அரோராவின் முன் சரணடைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். படையினரும் சிவிலியன்களுமாக ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் காவலில் வந்தனர். மீரத், ஆக்ரா, ராஞ்சி, ஜபல்பூர் முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. இவர்களை என்ன செய்வது என்பதே அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இத்துணைக்கண்டத்தின் அரசியலைச் சுழற்றிய அச்சாயிற்று.

1972 ஜூலையில் சிம்லா உடன்பாடு ஏற்பட்டது. மேற்கு எல்லையில் நம் படை கைப்பற்றிய ஐயாயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் பாகிஸ்தானுக்குத் திரும்பியது. ஆனால் மனிதர்கள் திரும்பவில்லை. கைதிகளைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம் என்ற அளவிலேயே உடன்பாடு நின்றது. நிலத்தை முதலில் பெறுவோம், கைதிகளை இந்தியா நெடுங்காலம் வைத்திருக்க இயலாது என்று பூட்டோ கணக்கிட்டதாக ஆய்வாளர் பலர் கருதுவர். இந்தியாவோ, அவர்கள் இந்திய-வங்கதேசக் கூட்டுப் படையிடம் சரணடைந்தவர்கள், வங்கதேசத்தின் இசைவின்றி விடுவித்தல் இயலாது என்றது. அந்த வங்கதேசத்தைத் தனி நாடாக ஏற்கப் பாகிஸ்தான் மறுத்துவந்தது. தன் நாட்டு மக்கள் மீது கொடுமை புரிந்ததாக 195 பேரை விசாரிக்க வங்கதேசம் விரும்பியது. 1972 ஆகஸ்டில் வங்கதேசம் ஐ.நா. சபையில் சேருவதைச் சீனா தன் வெட்டதிகாரத்தால் தடுத்தது. இவ்வாறு ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழே முகாம்களில் இருந்தவர்களோடு முடிச்சிடப்பட்டது. சட்டம் 'தாமதமின்றி' என்றது. அரசியல் 'பொறு' என்றது. காத்திருந்தவர்களோ வீட்டுக் கடிதத்தை எதிர்நோக்கிய சாதாரண மனிதர்கள். அவர்களது பெயர்கள் எழுதப்பட்டிருந்தன என்பதே அவர்களுக்கு இருந்த பாதுகாப்பு.

முடிச்சு மெல்ல அவிழ்ந்தது. அங்கீகாரச் சிக்கலை ஒருபுறம் வைத்து, மனிதாபிமானச் சிக்கலை முதலில் தீர்க்கலாம் என 1973 ஏப்ரலில் இந்தியாவும் வங்கதேசமும் கூட்டாக அறிவித்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தில்லியில் பி.என். ஹக்ஸரும் அஜீஸ் அகமதும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். இந்தியாவிலிருந்து போர்க்கைதிகள், பாகிஸ்தானில் சிக்கிய வங்காளிகள், வங்கதேசத்திலிருந்து பாகிஸ்தான் செல்ல வேண்டியவர்கள் என மும்முனைப் பயணம் செப்டம்பரில் தொடங்கியது. 1974 பிப்ரவரியில் பாகிஸ்தான் வங்கதேசத்தை அங்கீகரித்தது. ஏப்ரல் 9 அன்று மூன்று நாடுகளும் கையொப்பமிட்ட உடன்பாட்டின்படி 195 பேர் மீதான விசாரணையை வங்கதேசம் கைவிட்டது. அம்மாத இறுதியில் நியாசி வாகா எல்லையைக் கடந்தார். கொடுமைக்கு உள்ளானோருக்கு நீதி கிட்டவில்லை என்ற குறை இன்றளவும் உண்டு. அமைதியின் விலையை அவர்களே செலுத்தினர் என்பதை நாம் மறைத்தல் தகாது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. ஆனால் பட்டியலுக்கு வெளியே நின்றோரும் உண்டு. பாகிஸ்தான் ஏற்காத உருது பேசும் மக்கள் பல்லாயிரவர் டாக்காவின் ஜெனீவா முகாம் போன்ற இடங்களிலேயே தங்கிவிட்டனர். 2008-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அவர்கள் வங்கதேசக் குடிமக்களே எனத் தீர்ப்பளிக்கும் வரை அவர்கள் எந்நாட்டவர் என்பதே வழக்காயிருந்தது.

நம் வீட்டிலும் இத்தகைய துயரம் ஒன்று உண்டு. மேற்கு முனையில் பிடிபட்டோரை இரு நாடுகளும் 1972 டிசம்பர் 1 அன்றே பரிமாறிக்கொண்டன. நம் வீரர் அறுநூறு பேருக்கு மேல் வாகா வழியே வீடு திரும்பினர். திரும்பாதவர்களில் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என நம் அரசு நம்பியது. அத்தகையோர் எவரும் தம்மிடம் இல்லை என்றது பாகிஸ்தான். 1983-லும் 2007-லும் உறவினர்கள் அந்நாட்டுச் சிறைகளுக்குச் சென்று தேடி, வெறுங்கையுடன் மீண்டனர். இந்தியாவிடம் 93,000 பேர் இருந்தபோதும் இந்த 54 பேரை மீட்க இயலாமற் போனது ஏன்? இல்லை என்று சொல்லப்பட்டவனுக்காகப் பேரம் பேச எவராலும் இயலாது என்பதே நாம் காணும் விடை. கைதியைப் பகடைக்காயாக்குதல் கொடுமைதான். எனினும் அவ்வாறு ஆக்குவதற்கேனும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அரசு ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஒப்புதலே கைதியின் முதல் விடுதலை. அது கிட்டாதவனின் மனைவி கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள்.

இந்த உண்மையை இரு நாடுகளும் ஓரளவு உணர்ந்தே, 2008-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் தத்தம் சிறைகளில் உள்ள மறுநாட்டவரின் பெயர்ப் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அவர்களுள் பலர் கடலில் எல்லை தெரியாது சென்ற ஏழை மீனவர்கள். 2025 மே மாதத்தில் இரு நாடுகளும் ஆயுதங்களோடு மோதின. சண்டை நின்ற நான்காம் நாள், எல்லை தவறிப் பிடிபட்டிருந்த நம் எல்லைக் காவல் வீரர் ஒருவர் அட்டாரி வழியே திரும்பினார். அன்றே பாகிஸ்தான் ரேஞ்சர் ஒருவரும் ஒப்படைக்கப்பட்டார். வாணிபம் நின்று, எல்லை வாயில் அடைபட்டிருந்த அந்த ஜூலை முதல் நாளிலும் பட்டியல்கள் தவறாமல் கைமாறின.

வீரம் செறிந்த செய்தியன்று இது. எங்கோ ஓர் அலுவலகத்தில் எவரோ ஓர் எழுத்தர் தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை உண்டா எனச் சரிபார்த்து அனுப்பிய தாள்கள் அவை. நம் போன்றோரின் அன்றாடப் பணி. ஆயினும் எல்லைக்கு அப்பால் ஒரு தாய்க்கு அந்த ஒரு வரியே மகன். பட்டியலில் ஒரு பெயரைத் தட்டச்சு செய்யும் எவரும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.